மார்க் குறைந்தால் வாழ்க்கை குறைந்துவிடுமா?

பட்டம் வாங்கியாகிவிட்டது. ஆனால் மார்க் குறைவு. இனி உத்தியோகம் கிடைக்குமா, கிடைக்காதா?

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கேட்கப்படுகிறது. கேட்கும்போதே பெற்றவர்கள் குரல் தழுதழுக்கிறது. பிள்ளைகள் தலை குனிகிறது.

போடிநாயக்கனூருக்குப் பக்கத்தில் சிலமலை என்று ஓர் ஊர். மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு அப்பால் ஏலக்காய்த் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே இந்தப் பக்கத்து ஊர்களில் இருந்து ஜீப்புகள் புறப்படும். சோற்றுத் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் மலைக்கு வேலைக்குப் போவார்கள். பொழுது சாயும்போது திரும்புவார்கள்.

அப்படி மலை ஏறி இறங்கிச் சேர்த்த கூலியில்தான் மகனைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். மகளையும் அனுப்புகிறார்கள். 3 வருஷம் ஓடுகிறது. கடைசியில் மார்க் பட்டியல் வருகிறது.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பையன் வாங்கியது நூற்றுக்கு 48. தாய்க்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரியாது. மகன் முகத்தைப் படிக்கத் தெரியும்.

“என்னய்யா, பாஸா பெயிலா?”

“பாசுதாம்மா. மார்க்குத்தான் கம்மி.”

“பாசுன்னா அப்புறம் என்னய்யா?”

அந்தத் தாய் கேட்டதுதான் சரியான கேள்வி. பாஸ் என்றால் அப்புறம் என்ன? குறைந்த மார்க் எங்கே தடுக்கும்? எங்கே தடுக்காது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மார்க் குறைவு வேறு, அரியர் வேறு

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளில் இளங்கலைப் பரீட்சையில் தேற நூற்றுக்கு 40 வேண்டும். 50 வாங்கினால் இரண்டாம் வகுப்பு. 60 வாங்கினால் முதல் வகுப்பு. 42 வாங்கியவரும் பட்டதாரிதான். 92 வாங்கியவரும் பட்டதாரிதான்.

ஆனால் ஒரே ஒரு பாடத்தில் தவறியிருந்தால்? மற்றப் பாடங்களில் 90 வாங்கியிருந்தாலும் பட்டம் கிடையாது! அதுதான் அரியர்.

குறைந்த மார்க், கதவைக் கொஞ்சம் இறுக்கமாக்கும். அரியர், கதவையே பூட்டிவிடும். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கவலைப்படுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, “மார்க்கே குறைவு, இனி அந்த அரியரை எழுதி என்ன ஆகப்போகிறது?” என்று விட்டுவிடுவது.

கொரோனா நோய் பரவிய 2020-ம் ஆண்டு நினைவிருக்கிறதா? பரீட்சைக் கட்டணம் கட்டிய அரியர் மாணவர்கள் பரீட்சை எழுதாமலே தேறியதாக அந்த ஆகஸ்டு மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாணவர்கள் கொண்டாடினார்கள். சுவரொட்டியும் ஒட்டினார்கள். விஷயம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பரீட்சையே வைக்காமல் தேறியதாகச் சொல்வதை ஏற்க முடியாது என்று 2021-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குறுக்கு வழியில் அரியர் தீராது. உட்கார்ந்து படித்து எழுதினால்தான் தீரும்.

அரசாங்கப் பரீட்சையில் மார்க் பார்ப்பார்களா?

பலருக்குத் தெரியாத செய்தி இது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் குரூப் 1, குரூப் 2 பரீட்சைகளை நடத்துகிறது. பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். கல்லூரியில் நீங்கள் வாங்கிய மார்க்கைச் சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்கள் வைக்கும் பரீட்சையில் என்ன வாங்குகிறீர்களோ, அதுதான் கணக்கு.

கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் முதலிய வேலைகளுக்கு நடக்கும் குரூப் 4 பரீட்சைக்குப் பட்டம்கூட வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறினால் போதும்.

கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு முதலிய பதவிகளுக்கு டெல்லியில் உள்ள மத்தியத் தேர்வாணையம் பரீட்சை நடத்துகிறது. அதற்கும் அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் ஒன்று போதும். இத்தனை மார்க் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 48 வாங்கிய சிலமலைப் பையனும் எழுதலாம். தங்க மெடல் வாங்கிய சென்னைப் பையனும் எழுதலாம். இருவருக்கும் ஒரே வினாத்தாள்தான்.

பாங்கி குமாஸ்தா, பாங்கி அதிகாரி பரீட்சைகளும் பெரும்பாலும் இப்படித்தான். பட்டம் வேண்டும். விண்ணப்பத்தில் மார்க்கை எழுதச் சொல்வார்கள். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது பரீட்சையை வைத்துத்தான்.

இதில் கவனிக்க வேண்டியது தேதி. மாநிலத் தேர்வாணையம் அறிவிப்பு வெளியிடும் தேதியில் கையில் தகுதி இருக்க வேண்டும். “அடுத்த மாதம் அரியர் முடிந்துவிடும்” என்றால் கேட்க மாட்டார்கள். ஒரு அரியர் ஒரு வருஷத்தையே தின்றுவிடும்.

தமிழில் படித்தவருக்கு ஒரு சலுகை

மார்க்கைவிடப் பெரிய சாதகம் ஒன்று சிலமலை போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு உண்டு.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் நேரடி நியமனத்தில் நூற்றுக்கு 20 இடம் ஒதுக்க 2010-ல் சட்டம் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். பட்டப் படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பள்ளிப் படிப்பையும் தமிழ் வழியிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள்.

அதனால், படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

ஆனால் ஒன்று. மார்க் தடையில்லை என்பதால் வழி சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. 2024-ல் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல்! ஓர் இடத்துக்கு 300 பேருக்கு மேல் போட்டி.

கல்லூரியில் 48 வாங்கிய அதே படிப்புப் பழக்கத்தோடு இங்கே போய் உட்கார்ந்தால் நடக்காது. பழைய மார்க்கை யாரும் பார்க்க மாட்டார்கள். பழைய பழக்கம்தான் காலை வாரிவிடும்.

எந்தக் கதவில் மார்க் தடுக்கும்?

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில இடங்களில் குறைந்த மார்க் தடுக்கத்தான் செய்யும்.

ஆசிரியர் வேலைக்கு பி.எட். படிக்க வேண்டும். அதில் சேரப் பொதுப் பிரிவினர் பட்டத்தில் நூற்றுக்கு 50 வாங்கியிருக்க வேண்டும். மற்றப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

கல்லூரிப் பேராசிரியர் ஆவதற்கான ‘நெட்’ பரீட்சைக்கு முதுகலையில் நூற்றுக்கு 55 வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 போதும். இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கேட்பது முதுகலை மார்க். பி.ஏ.யில் கோட்டை விட்டவர் எம்.ஏ.யில் பிடித்துக்கொள்ளலாம்.

இன்ஜினீயர்களுக்கு? பொதுத்துறை நிறுவனங்களில் பல, நூற்றுக்கு 60-ஆவது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் 60 என்பது வழக்கமான கோடு. பத்தாம் வகுப்பில் இருந்தே 60 இருக்க வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்பவையும் உண்டு.

59 வாங்கியவன் மக்கு, 60 வாங்கியவன் கெட்டிக்காரன் என்பதா இதற்கு அர்த்தம்? இல்லை. 100 வேலைக்கு 10,000 பேர் வந்து நின்றால், அத்தனை பேரையும் உட்கார வைத்துப் பேச நேரம் கிடையாது. ஒரு கோடு கிழித்துக் கூட்டத்தைக் குறைக்கிறார்கள். அவ்வளவுதான்.

ஏலக்காய் சொல்லும் பாடம்

போடிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏலக்காய் வியாபாரத்தில் தினமும் பார்க்கிறார்கள்.

தோட்டத்தில் எடுத்த காயை உலர்த்துகிறார்கள். பிறகு சல்லடையில் சலிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய் ஒரு ரகம். 7 மில்லிமீட்டர் ஒரு ரகம். அதற்குக் கீழே வேறு ரகம். வெடித்த காயைப் பெண்கள் கையாலே பொறுக்கிப் பிரிக்கிறார்கள். பெரிய காய்க்கு விலை அதிகம். சிறிய காய்க்குக் குறைவு. ஆனால் சிறிய காயை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. அதற்கும் ஏலம் உண்டு, வாங்க ஆளும் உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த சில வருஷங்களில் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. காயின் அளவா குறைந்தது? இல்லை. சந்தை மாறியது.

வேலைச் சந்தையும் அப்படித்தான். நல்ல வருஷத்தில் படிப்பை முடித்தவனுக்குச் சுமாரான மார்க்கிலும் வேலை கிடைக்கிறது. மந்தமான வருஷத்தில் முடித்தவன் நல்ல மார்க் வைத்துக்கொண்டும் அலைகிறான். எல்லாப் பழியையும் மார்க் மேலேயே போடுவது நியாயமல்ல.

இதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. பெங்களூரில் உள்ள அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் 25 வயதுக்கு உட்பட்டு வேலை தேடும் பட்டதாரிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு வேலை இல்லை என்று அது சொன்னது. 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் வேலை இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு.

இதில் இருந்து என்ன தெரிகிறது? படித்து முடித்த முதல் சில வருஷங்கள் எல்லாருக்குமே கஷ்டம்தான். உங்கள் பிள்ளைக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. நாளாக நாளாக ஏதோ ஒரு வேலை அமைகிறது. ஆனால் அது படிப்புக்கு ஏற்ற வேலையா, வேறு வழியின்றி ஏற்ற வேலையா என்பதுதான் கேள்வி. அந்த முதல் சில வருஷங்களை எப்படிக் கழித்தான் என்பதில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

வேலையில் சேர்ந்த பிறகு?

அமெரிக்காவில் கூகிள் கம்பெனியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் லாஸ்லோ பாக். 2013-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகைக்கு அவர் பேட்டி கொடுத்தார். தங்கள் கம்பெனிக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்ததாகவும், புதிதாகப் பட்டம் பெற்று வந்தவர்களிடம் மட்டுமே மார்க்குக்கும் வேலைத் திறமைக்கும் சிறிது சம்பந்தம் தெரிந்ததாகவும் சொன்னார். 2, 3 வருஷம் போன பிறகு அந்தச் சம்பந்தமும் இல்லையாம்!

அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. பொறுக்கி எடுத்த ஆட்களுக்குள் பார்த்த கணக்கு அது. ஆனால் நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். 5 வருஷம் வேலை பார்த்தவரிடம் “கல்லூரியில் எத்தனை மார்க்?” என்று யார் கேட்கிறார்கள்? “இதுவரை என்ன வேலை பார்த்தாய்?” என்றுதான் கேட்கிறார்கள்.

முதல் வேலைக்கு மார்க் பேசும். இரண்டாவது வேலைக்கு முதல் வேலை பேசும்.

பெயிலான மேதை

கணித மேதை ராமானுஜனை எல்லாருக்கும் தெரியும். அவர் கல்லூரியில் பெயிலானவர் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். முழுவதையும் கேளுங்கள்.

1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. பரீட்சையில் அங்கும் தேறவில்லை.

அதன் பிறகு பல வருஷம் வறுமை. பட்டம் இல்லாததால் வேலை இல்லை. 1912 மார்ச்சில்தான் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 30 ரூபாய்!

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

“ராமானுஜனே பெயில், நான் பெயிலானால் என்ன?” என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: பட்டம் இல்லாத குறை அந்த மேதையையே வாட்டி எடுத்தது.

இரண்டு: அவர் வீடு வீடாக, ஆபீஸ் ஆபீஸாகப் போனபோது கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் அவர் போட்ட கணக்குகள் இருந்தன. மார்க் பட்டியல் அவருக்காகப் பேசவில்லை. நோட்டுப் புத்தகம் பேசியது.

மார்க் குறைந்த பிள்ளை தன்னைத்தானே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “என் கையில் இருக்கும் நோட்டுப் புத்தகம் எது?”

அது தமிழிலும் இங்கிலீஷிலும் டைப் அடிக்கக் கற்றதாக இருக்கலாம். அரசு நடத்தும் டைப் பரீட்சையில் தேறியவர்களுக்கென்று குரூப் 4-ல் தனிப் பதவிகளே உண்டு. கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் பயிற்சியாக இருக்கலாம். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ என்று தொழிற்பயிற்சித் திட்டம் தொடங்கியதே இதற்காகத்தான்.

ஏன் குறைந்தது என்று கேட்டீர்களா?

பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம்.

மார்க் ஏன் குறைந்தது?

ஆகஸ்டு முதல் ஜனவரி வரை ஏலக்காய் எடுப்பு மும்முரமான காலம். கல்லூரியில் முதல் பருவப் பரீட்சை நவம்பரை ஒட்டி வருகிறது. வீட்டுக் கஷ்டத்துக்காக லீவு போட்டு மலைக்கு வேலைக்குப் போன பிள்ளை எப்படிப் படிக்கும்? அந்தப் பிள்ளையின் 48, வேலைக்கே போகாமல் படித்த பிள்ளையின் 60-க்குக் குறைந்ததா?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று இங்கிலீஷ் புத்தகத்தைக் கையில் எடுத்த பிள்ளைகள் எத்தனை! பாடம் புரியாமல் இல்லை. பாஷை புரியாமல் தவறுகிறார்கள்.

சினிமாவும் செல்போனும் காரணமாகவும் இருக்கலாம். அப்படியானால் கண்டிக்க வேண்டியதுதான். காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

மகளுக்கு ஒரு நியாயமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மகன் மார்க் குறைந்தால், “பரவாயில்லை, இன்னொரு தடவை முயற்சி பண்ணு” என்கிறோம். மகள் மார்க் குறைந்தால், “படித்தது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்” என்கிறோம். இது என்ன நியாயம்?

அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்படிப்பைத் தொடர மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே போன்ற திட்டம் 2024 ஆகஸ்டில்தான் வந்தது. மகள் படிக்க வேண்டும் என்று அரசாங்கமே முதலில் நினைத்தது. பெற்றவர்கள் நினைக்க வேண்டாமா?

மலைக்குக் கூலிக்குப் போகும் தாய், மகளாவது மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றுதான் அவளைப் படிக்க வைத்தாள். 48 மார்க்குக்காக அந்த ஆசையை விட்டுவிடலாமா?

செய்ய வேண்டியவை

அரியர் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

எந்த வழி என்று முடிவு செய்யுங்கள். அரசுப் பரீட்சை என்றால் இத்தனை வருஷம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வயது வரம்பு காத்திருக்காது. படித்துக்கொண்டே ஒரு சிறு வேலையும் பாருங்கள். சும்மா இருந்த வருஷத்துக்குக் கணக்குச் சொல்வது, குறைந்த மார்க்குக்குக் கணக்குச் சொல்வதைவிடக் கஷ்டம்.

பேட்டியில் மார்க் பற்றிக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். “குறைவுதான், காரணம் இது, அதற்குப் பிறகு நான் செய்தது இது” என்று நேராகச் சொல்லுங்கள்.

மார்க்கைத் திருத்தித் தருகிறேன், பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களை வாசற்படி ஏற விடாதீர்கள். 48 மார்க் வாங்குவது குற்றம் அல்ல. பொய்ச் சான்றிதழ் கொடுப்பது குற்றம். ஜெயிலுக்குப் போக நேரும். தோட்டம் விற்ற பணமும் போகும்.

போடிக்கு 12 வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் இருந்தது. அகலப் பாதை போட்டு முடித்து 2023 ஜூனில் மறுபடியும் வண்டி வந்தது. இப்போது போடியில் ஏறிச் சென்னையில் இறங்கலாம். தாமதமாக வந்தது என்பதற்காக அந்த ரயிலில் யாரும் ஏறாமல் இருக்கிறார்களா?

48 மார்க் வாங்கிய சிலமலைப் பிள்ளைகளே! அந்த எண் நீங்கள் 20 வயதில் எழுதிய சில பரீட்சைகளின் கணக்கு. உங்களுடைய கணக்கு அல்ல. சில கதவுகளை அது மூடியிருக்கும். திறந்திருக்கும் கதவுகள் அதைவிட அதிகம்.

ஆனால் அவை தாமாக உள்ளே இழுத்துக்கொள்ளாது. நடந்துதான் போக வேண்டும். உங்களுக்காகத் தினமும் மலை ஏறி இறங்கியவர்களின் பிள்ளைகள் நீங்கள். நடக்கத் தெரியாதா, என்ன?